ஃபிலிமைப் பாதியாக்கிய கேமரா! - கடப்பாக்கம் தாத்தா போட்ட கணக்கு

“கேமரா ஓட ஆரம்பிச்சா எங்களுக்குச் சத்தம் கேக்காது பாப்பா. காசு எண்ற மாதிரிதான் கேக்கும்!”

ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த மதில்மேல் உட்கார்ந்துகொண்டு தாத்தா இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியவர். அம்மாவுக்குச் சித்தப்பா முறை, அதனால் எனக்குத் தாத்தா. 1974-ல், பத்தொன்பது வயதில், கடப்பாக்கத்திலிருந்து கோடம்பாக்கத்துக்கு பஸ் ஏறி, அவுட்டோர் யூனிட் ஒன்றில் கேமரா உதவியாளராகச் சேர்ந்தவர். ஃபிலிம் கேமராக்களோடு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, மறுபடி ஊருக்கே வந்து தென்னையும் மாடுமாக இருக்கிறார். “பேரெல்லாம் போட வேணாம், விஷயத்தை மட்டும் போடு” என்ற நிபந்தனையோடுதான் பேசினார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டிப் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்களுக்குக் கடப்பாக்கம் தெரிந்திருக்கும். இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்த கடற்கரை ஊர். பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. கோட்டைக்கு முன்னால் கழிமுகம், அதற்கு அந்தப் பக்கம் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். எல்லாமே படுக்கைக் கோடுகள். அகலமான திரைக்கென்றே அமைந்ததுபோன்ற இடம்!

நான் அங்கே போனதற்குக் காரணம், நானும் இரண்டு நண்பர்களும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குறும்படம். போனில்தான் எடுக்கிறோம். ஐந்து நிமிடப் படத்துக்கு மூன்றரை மணி நேரம் ஷூட் செய்து வைத்திருந்தோம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தெரியாமல் மூன்று வாரமாக எடிட்டிங் நகரவே இல்லை. அதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “மூன்றரை மணி நேரமா?” என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஒரு நிமிடத்துக்கு 90 அடி

சினிமா ஃபிலிமின் அகலம் 35 எம்.எம். இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். கேமராவுக்குள் ‘க்ளா’ என்று ஒரு சிறிய நகம் உண்டு. அது ஓட்டைக்குள் நுழைந்து ஃபிலிமைக் கீழே இழுக்கும், ஒரு கணம் நிறுத்தும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு முறையும் நான்கு ஓட்டை தூரம். அந்த நான்கு ஓட்டை உயரத்தில்தான் ஒரு படம் பதிவாகும். இப்படி ஒரு விநாடிக்கு 24 படங்கள்.

ஓர் அடி ஃபிலிமில் 16 படங்கள் அடங்கும். அப்படியென்றால் ஒரு விநாடிக்கு ஒன்றரை அடி, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. கையில் தூக்கிக்கொண்டு எடுக்கும் கேமராவில் 400 அடி ரோல் போடுவார்கள். அது 4 நிமிடம் 26 விநாடியில் தீர்ந்துவிடும். 1,000 அடி ரோல் என்றால் 11 நிமிடம்.

“இரண்டரை மணி நேரப் படம்னா கடைசியில தியேட்டர்ல ஓடறதே 13,500 அடி. ஒவ்வொரு ஷாட்டும் சராசரியா நாலு தடவை எடுத்தா 54,000 அடி நெகடிவ் வேணும். அத்தனையும் வெளிநாட்டுச் சரக்கு. டைரக்டர் ‘ஒன் மோர்’னு சொன்னா, புரொடக்‌ஷன் மேனேஜர் முகத்தைப் பார்க்கவே பாவமா இருக்கும்” என்கிறார் தாத்தா.

நம் நாட்டிலேயே ஃபிலிம் தயாரிக்க ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1960-ல் தொடங்கப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கிருந்து வந்தது. ஆனால், கலர் நெகடிவுக்கு ஈஸ்ட்மென், ஆர்வோ என்று வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலம் வேறு. ஃபிலிம் கேன் என்பது நகைப்பெட்டி மாதிரி.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், டிப்ளமோ படித்த நாளில் எங்கோ வாசித்த ஒரு பெயர் ஞாபகம் வந்தது: டெக்னிஸ்கோப். “தாத்தா, நாலு ஓட்டைக்குப் பதிலா ரெண்டே ஓட்டை இழுக்கிற கேமரா இருந்துச்சு, தெரியுமா?” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு ஓட்டையா?”

கண்ணாடி வழி, கேமரா வழி

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளுக்குள் டி.வி வந்துவிட்டது. தியேட்டருக்கு ஆள் வர வேண்டுமென்றால், டி.வி-யில் கிடைக்காத ஒன்றைத் திரையில் காட்ட வேண்டும். அப்படி 1953-ல், ‘தி ரோப்’ படத்தின் மூலம் ஃபாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்ததுதான் சினிமாஸ்கோப். உயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான அகலம் கொண்ட திரை!

இதற்குப் பிடித்த வழி லென்ஸ். காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிவு செய்யும் லென்ஸ் ஒன்றைக் கேமராவில் மாட்டுவார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆட்களெல்லாம் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் அதற்கு நேர்மாறான லென்ஸ் மாட்டினால் படம் பழையபடி விரிந்து, அகலமாகத் தெரியும்.

இந்த வழிதான் இந்தியாவுக்கும் வந்தது. 1959-ல் குரு தத் இயக்கி, வி.கே.மூர்த்தி ஒளிப்பதிவு செய்த ‘காகஸ் கே பூல்’, இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். தமிழில் முதலாவது 1973-ல் வெளியான ‘ராஜராஜ சோழன்’. ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படம்.

ஆனால், அந்த லென்ஸ்களில் சங்கடங்களும் இருந்தன. விலை அதிகம், கனம் அதிகம், வெளிச்சமும் அதிகம் கேட்கும். கிட்டே போய் முகத்தை எடுப்பது கஷ்டம். ஆரம்பகால சினிமாஸ்கோப் லென்ஸ்களில் குளோசப் எடுத்தால் நடிகர்களின் முகம் உப்பித் தெரியும். ஹாலிவுட்காரர்கள் அதற்கு ‘பொன்னுக்கு வீங்கி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்!

இந்த இடத்தில்தான் இத்தாலி வருகிறது. ரோம் நகரில் இருந்த டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை, 1960-ல் வேறொரு வழியைக் கொண்டுவந்தது. விசேஷ லென்ஸ் வேண்டாம், சாதாரண லென்ஸே போதும். கேமராவை மட்டும் கொஞ்சம் மாற்றினால் சரி. நான்கு ஓட்டை உயரத்தில் ஒரு படம் எடுப்பதற்குப் பதிலாக, இரண்டு ஓட்டை உயரத்தில் ஒரு படம். ஃபிலிமின் அகலம் அப்படியே இருக்கும், உயரம் பாதியாகும். அதாவது, படம் தானாகவே அகலத்திரை வடிவத்துக்கு வந்துவிடும். ஃபிலிம் செலவும் சரிபாதி!

ஸ்டில் போட்டோ எடுத்த பழைய ஆட்களுக்கு இது எளிதாகப் புரியும். 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் மாதிரியான ‘ஹாஃப் ஃபிரேம்’ கேமராக்களில் 36 படம் எடுக்கும் ரோலைப் போட்டால் 72 படம் எடுக்கலாம். அதே வித்தைதான் இது.

தாத்தா கைவிரலால் காட்டினார்

போனில் ஒரு படம் தேடி எடுத்து, நான்கு ஓட்டை ஃபிலிமையும் இரண்டு ஓட்டை ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வலதுகை ஆட்காட்டி விரலை வளைத்து நகம்போல வைத்துக்கொண்டார். “அப்போ க்ளா போற தூரத்தைக் குறைக்கணும். அந்த மூவ்மென்ட்டை மாத்தணும். கேட்டுல திறப்பைப் பாதியா அடைக்கணும். பல்சக்கரம் பாதி வேகத்துல ஓடணும், இல்லேன்னா உள்ள ஃபிலிம் குவிஞ்சுடும். வியூஃபைண்டர் கண்ணாடியில புதுசா கோடு போடணும். அவ்வளவுதானே? ஒரு நல்ல மெக்கானிக் இருந்தா முடியும்.”

உண்மையிலேயே அவ்வளவுதான். அப்படித்தான் மிட்செல், ஆரி போன்ற கேமராக்கள் மாற்றப்பட்டன. ஜெர்மனியின் மியூனிக்கில் 1937-லிருந்து தயாரான ஆரிஃப்ளெக்ஸ் 35 வகையின் பிற்கால மாடலான ‘டூ சி’, இந்த வேலைக்கு மிகவும் தோதானது. தாத்தா முதன்முதலில் கையில் பிடித்ததும் அதே ஆரி டூ சி-தான்.

“அது பயங்கரமா சத்தம் போடும், தையல் மிஷின் மாதிரி. ஆனா நமக்கென்ன? எல்லாம் அப்புறம் டப்பிங்தானே!” என்கிறார். ரோமிலும் அதே கதைதான். இத்தாலிய சினிமாவில் அந்தக் காலத்தில் வசனத்தைப் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம். அதனால், சத்தம் போடும் சின்ன கேமராக்களை அவர்களும் தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது.

இதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருந்தது. தியேட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உலகம் முழுக்க புரொஜெக்டர்கள் நான்கு ஓட்டைதான் இழுக்கும். இரண்டு ஓட்டை நெகடிவை லேபில் பெரிதாக்கி, வழக்கமான நான்கு ஓட்டை சினிமாஸ்கோப் பிரின்ட்டாகவே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் முழுக்க கேமரா பக்கம். ரசிகருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கௌபாய் கண்களுக்குள் போன கேமரா

டெக்னிஸ்கோப்பை உலகப் புகழாக்கியவர் இயக்குநர் செர்ஜியோ லியோனி. 1964-ல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை சுமார் இரண்டு லட்சம் டாலர் செலவில் எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. ஸ்பெயினின் அல்மேரியா பக்கத்துப் பொட்டல்வெளியில் படப்பிடிப்பு. கிளின்ட் ஈஸ்ட்வுட் அப்போது அமெரிக்க டி.வி தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர். அடுத்தடுத்து வந்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ (1965), ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966), ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) ஆகியவையும் இதே இரண்டு ஓட்டை முறையில் எடுக்கப்பட்டவைதான்.

அந்தப் படங்களை டி.வி-யிலாவது பார்த்திருப்பீர்கள். திரை முழுக்க இரண்டு கண்கள். அடுத்த ஷாட்டில் துப்பாக்கி உறைக்குப் பக்கத்தில் ஒரு கை, அதன் பின்னால் தூரத்தில் எதிராளி. இரண்டுமே தெளிவாகத் தெரியும். வியர்வைத் துளியை எண்ணலாம்!

இந்தக் காட்சிகளுக்கும் அந்தச் சிக்கனத்துக்கும் சம்பந்தம் உண்டு. சாதாரண லென்ஸ் என்பதால் முகத்துக்கு மிக அருகில் போகலாம், முகம் உப்பாது. சின்னப் படத்துக்குக் குறைந்த ஃபோகல் லென்த் லென்ஸ் போதும் என்பதால், கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே ஷாட்டில் ஃபோகஸில் நிற்கும். செலவைக் குறைக்கச் செய்த மாற்றம், செலவு செய்து வாங்கிய லென்ஸால் முடியாததைச் செய்துகாட்டியது.

அந்தக் கௌபாய் அலை நம் ஊருக்கும் வந்தது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று குதிரையும் துப்பாக்கியுமாகப் படங்கள் எடுத்தார். “கர்ணன் படம்னா கேமரா எங்க இருந்து பார்க்குதுன்னே தெரியாது, டென்ட் கொட்டகையில விசில் பறக்கும்” என்று தாத்தா இப்போதும் குதூகலமாகிறார். 2010-ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது, நம் அப்பாக்கள் தலைமுறை அத்தனை ரசித்ததற்குக் காரணம் இந்தப் பழைய பாசம்தான்.

அமெரிக்காவிலும் ஓர் இளைஞர் இந்த இரண்டு ஓட்டையை நம்பினார். பிற்பாடு ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ்தான் அவர். அவருடைய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ (1973) ஒரே இரவில் நடக்கும் கதை. குறைந்த பட்ஜெட்டில், டெக்னிஸ்கோப்பில் எடுக்கப்பட்டு, வசூலில் பெரிய வெற்றி பெற்றது.

“கேட்டைப் பார்த்தியா?”

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் இதற்கு மாறவில்லை? கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே தாத்தா பதிலுக்கு வந்துவிட்டார்.

“பாப்பா, படம் பாதியானா தூசு ரெண்டு மடங்கு!”

கேமராவில் ஃபிலிம் நிற்கும் இடத்துக்குக் ‘கேட்’ என்று பெயர். ஃபிலிம் ஓடும்போது அதன் விளிம்பிலிருந்து மெல்லிய சிராய் உரிந்து கேட்டில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழை மாதிரி. அது திரையின் ஓரத்தில் கறுப்பாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அதனால், ஒவ்வொரு ஷாட்டும் ஓகே ஆனதும் லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துக் கேட்டைப் பார்ப்பது உதவியாளரின் வேலை. அதே தூசு, பாதி உயரமுள்ள படத்தில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உள்ள கோடும் மிக மெல்லியது. ஒட்டு போட்டால் திரையில் தெரிந்துவிடும் அபாயம் வேறு.

தாத்தா கொஞ்ச நேரம் கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“இதே கரைதான். எண்பதுகள்ல. விடியற்காலை ஷாட். சூரியன் ஏறிடும்னு எல்லாரும் அவசரப்படுத்தறாங்க. ஷாட் ஓகே. ‘கேட்டைப் பார்த்தியா?’ன்னு கேமராமேன் கேட்டார். பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன். பார்க்கலை பாப்பா. ஒரு வாரம் கழிச்சு லேபில் போட்டுப் பார்த்தா, வானத்துல ஒரு இழை நடுங்குது. கதாநாயகியோட கால்ஷீட் முடிஞ்சுபோச்சு. திரும்ப எடுக்கவே முடியலை. அந்த சீனையே தூக்கிட்டாங்க.”

அந்த மாதச் சம்பளத்தைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. ஐந்தாறு மாதம் அந்தப் பக்கமே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. “சம்பளம் போனது பெருசில்லை. அவர் என்னைத் திட்டலை பார், அதுதான் இன்னமும் உறுத்துது” என்றார். இதை இதற்கு முன் அவர் வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை என்பதைப் பிறகு பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போனதும் வந்ததும்

டெக்னிஸ்கோப்பின் சறுக்கலுக்கு இன்னொரு காரணம் லேப். டெக்னிகலர் நிறுவனத்தின் பழைய அச்சு முறை, துணியில் அச்சுக்கட்டையால் சாயம் ஒற்றுவதைப் போன்றது. மூன்று நிறங்களுக்கு மூன்று அச்சுகள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயத்தை ஒற்றிப் பிரின்ட் போடுவார்கள். சின்ன நெகடிவிலிருந்து பெரிதாக்கும்போதும் படம் தெளிவாக இருந்ததற்கு அந்த முறை பெரிய உதவி. 1970-களில் அந்த அச்சுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சாதாரண முறையில் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு ஓட்டைக் கேமராக்கள் மெல்ல மெல்ல அலமாரிக்குப் போயின.

ஆனால், ‘கேமராவைக் கொஞ்சம் திருத்து, ஃபிலிமை மிச்சம் பிடி’ என்ற யோசனை சாகவில்லை. ஸ்வீடன் ஒளிப்பதிவாளர் ரூனே எரிக்ஸன், 1969 வாக்கில் ‘சூப்பர் 16’ முறையை உருவாக்கினார். 16 எம்.எம். ஃபிலிமின் ஒரு பக்கத்தில் ஒலிக்காக ஒதுக்கியிருந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொண்டால் படம் அகலமாகும். அதற்காகக் கேமராவின் கேட்டை ஒரு பக்கம் அகலப்படுத்தி, லென்ஸின் இருப்பிடத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நமக்குத் தெரிந்த உதாரணம், மீரா நாயரின் ‘மான்சூன் வெட்டிங்’ (2001). டெல்லியில் ஒரு கல்யாண வீட்டின் கலகலப்பைக் கையில் பிடித்த சூப்பர் 16 கேமராவோடு பின்தொடர்ந்த படம். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. அதே எரிக்ஸன்தான் பிறகு மூன்று ஓட்டை முறையையும் முன்வைத்தார். அதில் கால்வாசி ஃபிலிம் மிச்சம்.

எடுத்த ஃபிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வேலை பார்க்கும் காலம் வந்ததும், லேபில் பெரிதாக்கும் சிக்கலே ஒழிந்தது. இரண்டு ஓட்டைக்கு மறுபடி மவுசு! பிரான்ஸின் ஆட்டன் நிறுவனம் 2008-ல் ‘பெனலப்’ என்ற கேமராவை இரண்டு ஓட்டையிலும் ஓடும்படி வடிவமைத்தது. 2010-ல் வந்த குத்துச்சண்டைப் படமான ‘தி ஃபைட்டர்’ இரண்டு ஓட்டையில் எடுக்கப்பட்டதுதான்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. தமிழில் பி.சி.ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ (2004), கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ (2005) ஆகியவை டிஜிட்டலுக்கு முன்னோட்டம் பார்த்தன. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டோடு ஃபியூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. ஊட்டித் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

தாத்தா கையில் பிடித்ததைப் போன்ற கேமரா ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் அலங்காரப் பொருளாக நிற்கிறது. ஒருமுறை கல்யாணத்துக்குப் போன இடத்தில் அதைப் பார்த்தாராம். “மேகசினைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்காங்க. சொல்லலாம்னு போனேன். செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாங்க. வந்துட்டேன்” என்றார்.

8 நிமிடம் 53 விநாடி

இனி எங்கள் குறும்படத்துக்கு வருவோம். தாத்தா ஒரு யோசனை சொன்னார். “உங்க போன்ல ஃபிலிம் இருக்கிறதா நினைச்சுக்கங்க. ஒரே ஒரு ரோல், 400 அடி. அதுக்குள்ள முழுப் படத்தையும் எடுங்க.”

“நாலரை நிமிஷம்தான் வரும் தாத்தா!”

“சரி, ரெண்டு ஓட்டைன்னு வெச்சுக்க. 8 நிமிஷம் 53 விநாடி. போ!”

பழைய மூன்றரை மணி நேரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஆரம்பித்தோம். தாத்தாதான் கணக்கர். நோட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை விநாடி போனது, எவ்வளவு மிச்சம் என்று எழுதிக்கொண்டே வந்தார். நாங்கள் முதல் ஷாட்டுக்கே ஏழு ஒத்திகை பார்த்தோம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எந்தச் சொல்லில் வெட்டுவது என்று போனைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. இதற்கு முன் ஒரு நாளும் இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

நான்காவது ஷாட்டில் நண்பன் நிறுத்த மறந்துவிட்டான். நாற்பது விநாடி மண்ணையே படம் பிடித்துக்கொண்டிருந்தது போன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் ‘வேஸ்ட் - 40’ என்று மட்டும் எழுதினார். அவன் முகம் சுருங்கிவிட்டது.

கடைசி ஷாட்டில், மீன்பிடிப் படகு ஒன்று கழிமுகத்துக்குள் திரும்பி வர வேண்டும். கையிருப்பு 22 விநாடி. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. படகைக் காணோம். எடுத்துவிடலாமா, காத்திருக்கலாமா? “நான் சொல்ல மாட்டேன். உன் படம்” என்று நோட்டை மூடிவிட்டார் தாத்தா. காத்திருந்தோம். படகின் மூக்கு திரையின் ஓரத்தைத் தொட்டதும் பொத்தானை அழுத்தினேன். படகு நடுத்தண்ணீருக்கு வருவதற்குள் 22 விநாடி முடிந்துவிட்டது. கரை சேரும் காட்சி எங்களிடம் இல்லை.

அன்று ராத்திரியே எடிட்டிங் முடிந்தது. படம் 3 நிமிடம் 10 விநாடி. படகு நடுத்தண்ணீரில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. “கரைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் தோழி. “அந்த நாற்பது விநாடி இருந்திருந்தா வந்திருக்கும்” என்றான் நண்பன். இரண்டுமே சரிதான். ஆனாலும், மூன்று வாரமாக முடியாத படம் ஒரு நாளில் முடிந்திருந்தது.

நம் ஒவ்வொருவர் போனிலும் ஒரே பிறந்தநாள் கேக்கின் நூறு போட்டோக்களும், யாரும் திரும்பப் பார்க்காத முக்கால் மணி நேரக் கல்யாண வீடியோவும் கிடக்கின்றன. அடுத்த விசேஷத்தில் ஒரு தடவை இந்தக் கணக்கை வைத்துப் பாருங்களேன். வீடியோ மொத்தம் 8 நிமிடம் 53 விநாடி, அதற்குமேல் கிடையாது. எதை எடுப்பது என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள்.

அப்படியே, உங்கள் தெருவிலும் லேபிலோ, யூனிட்டிலோ, போட்டோ ஸ்டூடியோவிலோ வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து கேளுங்கள். கேமராக்களையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிவிடலாம். க்ளா எப்படி இழுக்கும் என்று விரலை வளைத்துக் காட்டும் கை இவர்களோடு போய்விடும்.

கிளம்பும்போது தாத்தா எங்கள் போனைக் கையில் வாங்கி, லென்ஸ் இருக்கும் இடத்தை வேட்டி நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இதுல கேட்டெல்லாம் கிடையாது தாத்தா” என்றேன்.

“தெரியும். இருந்தாலும் பார்த்துடறேன்” என்றார்.